100-க்கு 105 மார்க்கு!

நூற்றுக்கு நூறு மார்க்கு வாங்கும் பிள்ளையை ஊரே பாராட்டும். நூற்றுக்கு நூற்றைந்து வாங்கும் பிள்ளையை என்ன சொல்வது?

அப்படியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கிறார்கள்!

அங்கே பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் "எக்ஸ்ட்ரா கிரெடிட்" என்று ஒரு வழக்கம் உண்டு. உபரி மார்க்கு என்று சொல்லலாம்.

கணக்குப் பரீட்சைத் தாளின் கடைசியில் கடினமான கேள்வி ஒன்று தனியாக இருக்கும். விடை எழுதினால் 5 மார்க்கு சேரும். எழுதாவிட்டால் எதுவும் குறையாது. சில ஆசிரியர்கள், "பொருட்காட்சி சாலைக்குப் போய்ப் பார்த்து 2 பக்கம் எழுதி வா" என்பார்கள். சிலர் கூடுதலாக ஒரு புத்தகம் படித்து வரச் சொல்வார்கள்.

இது கருணை மார்க்கு அல்ல. தவறிப்போக இருந்தவனைக் கைதூக்கி விடுவது கருணை மார்க்கு. உபரி மார்க்கு, உழைத்துச் சம்பாதிப்பது.

அரை மார்க்குக்கும் கிராக்கி

அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டு முடிவில் எழுதும் ஒரே பரீட்சை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவது இல்லை. வீட்டுப் பாடத்துக்கு மார்க்கு. வகுப்பில் நடக்கும் சிறு பரீட்சைக்கு மார்க்கு. சோதனைச்சாலை வேலைக்கு மார்க்கு. எல்லாவற்றையும் கூட்டி, சதவீதம் பார்த்து, எழுத்துப் போடுகிறார்கள். பல பள்ளிகளில் 90 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கினால் "ஏ". 80-க்கு மேல் 90-க்குள் இருந்தால் "பி". ஏ-க்கு 4 புள்ளி, பி-க்கு 3 புள்ளி.

இந்தப் புள்ளிகளின் சராசரியைப் பார்த்துத்தான் கல்லூரியில் இடம். உதவிப்பணமும் அதைப் பொறுத்ததே. ஜார்ஜியா மாநிலத்தில் 1993-ம் ஆண்டு முதல் "ஹோப்" என்ற உதவிப்பணத் திட்டம் நடக்கிறது. லாட்டரி வருமானத்தில் நடக்கும் திட்டம் அது. பள்ளிப் படிப்பில் சராசரி 3 புள்ளி இருந்தால்தான் அந்தப் பணம் கிடைக்கும்.

89-ல் நிற்கும் பிள்ளைக்கு ஒரு மார்க்கு என்பது சின்ன விஷயமா?

கம்ப்யூட்டர் ரிஜிஸ்டர்

ஒரு காலத்தில் ஆசிரியரின் மேஜையில் கட்டம் போட்ட நோட்டு இருக்கும். உபரி மார்க்கு என்றால், ஓரத்தில் "+5" என்று பென்சிலால் எழுதிக்கொள்வார். கடைசியில் கூட்டிக்கொள்வார். அவ்வளவுதான் வேலை.

இப்போது நோட்டு போய்விட்டது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது. "கேன்வாஸ்", "பவர்ஸ்கூல்", "மூடில்" என்று பல பெயர்களில் இந்த மின் பதிவேடுகள் இருக்கின்றன. மூடில் என்பது ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கியது. 2002-ம் ஆண்டு வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் மார்க்கைப் பதிந்தால் போதும். கூட்டல், வகுத்தல் எல்லாம் இயந்திரமே செய்துவிடும். தகப்பனாரும் தாயாரும் வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. "இது உபரி" என்று சொன்னால்தான் அதற்குத் தெரியும். சொல்லாவிட்டால், கொடுத்த மார்க்கே பிள்ளையின் காலை வாரிவிடும்!

கூட்டினால் குறையும் விந்தை

ஒரு மாணவி 200-க்கு 176 மார்க்கு வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 88 சதவீதம், அதாவது "பி".

உபரிக் கேள்விக்கு விடை எழுதி 6 மார்க்கு சம்பாதிக்கிறாள். இப்போது 200-க்கு 182. சதவீதம் 91. "ஏ" கிடைத்துவிட்டது!

ஆசிரியர் அதைப் பதிவேட்டில் ஏற்றுகிறார். பதிவேடு ஒரு கேள்வி கேட்கிறது: "இந்த மார்க்கு எத்தனைக்கு?"

உபரிக் கேள்வி 10 மார்க்குக் கேள்வி. ஆகவே ஆசிரியர் "10" என்று போட்டுவிடுகிறார். வந்தது வினை!

கம்ப்யூட்டர் மொத்தத்தையும் 210 ஆக்கிவிடுகிறது. மாணவியின் மார்க்கு இப்போது 210-க்கு 182. சதவீதம் 86.7. உழைத்ததற்குப் பரிசாக, இருந்த 88-ம் போய்விட்டது.

அந்தக் கேள்வியைத் தொடாத மாணவன் கதி என்ன? அவன் ஏற்கெனவே 200-க்கு 182 வாங்கி "ஏ"-யில் இருந்தவன். அவனுக்கு சைபர் விழுகிறது. 210-க்கு 182. அவனும் "பி"-க்கு இறங்கிவிட்டான். "எழுதாவிட்டால் குறையாது" என்ற வாக்கு என்ன ஆயிற்று?

"எத்தனைக்கு?" என்று கேன்வாஸ் கேட்டால் "0" என்று போடவேண்டும். சைபருக்கு 6 மார்க்கு! கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதுதான் சரி. வாங்கிய மார்க்கு கூடும், மொத்தம் கூடாது. மூடிலில் இதற்கென்றே ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் "டிக்" அடித்துவிட்டால், அந்தக் கேள்வியின் மார்க்கை மொத்தத்தில் சேர்க்காது.

எந்தப் பெட்டியில் போடுவது?

இன்னொரு சங்கடமும் உண்டு. பல ஆசிரியர்கள் மார்க்குகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கிறார்கள். வீட்டுப் பாடத்துக்கு 20 சதவீதம், பரீட்சைக்கு 60, சோதனைச்சாலைக்கு 20 என்று பங்கு.

வீட்டுப் பாடப் பெட்டியின் மொத்தம் 50 மார்க்கு என்றால், அதில் போடும் உபரி 5 மார்க்கு முடிவில் 2 சதவீதத்தை உயர்த்தும். பரீட்சைப் பெட்டியின் மொத்தம் 300 என்றால், அதே 5 மார்க்கு அங்கே ஒரு சதவீதம்தான் உயர்த்தும். மார்க்கு ஒன்று, மதிப்பு இரண்டு!

"உபரி" என்று தனிப்பெட்டி வைத்து, அதற்குள் சைபருக்கான மார்க்குகளை மட்டும் போட்டால்? சைபரால் எதையும் வகுக்க முடியாதே! கேன்வாஸ் அந்தப் பெட்டியையே கணக்கில் சேர்க்காது. மாணவன் உழைப்பு வீண்.

பருவத் தொடக்கத்தில் வேறு வேடிக்கை. 10-க்கு 8 வாங்கிய ஒரே ஒரு வீட்டுப் பாடம் ஏறியிருக்கும். அதோடு உபரி 5 சேர்ந்தால், 130 சதவீதம் என்று காட்டும். வீட்டில் பாயசம் வைத்துவிடக் கூடாது. அடுத்தடுத்த மார்க்குகள் ஏற ஏற, அது தானாக இறங்கிவிடும்.

2 வேண்டுமா, 6 வேண்டுமா?

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ ஆசிரியர் ஒருவர் கொடுத்த உபரிக் கேள்வி, 2015-ம் ஆண்டு உலகம் எங்கும் பேசப்பட்டது.

"உனக்கு 2 மார்க்கு வேண்டுமா, 6 மார்க்கு வேண்டுமா? கேட்டது கிடைக்கும். ஆனால் வகுப்பில் 10 சதவீதம் பேருக்கு மேல் 6 கேட்டால் யாருக்கும் ஒன்றும் கிடையாது." இதுதான் கேள்வி. பொதுச் சொத்து பேராசையால் அழிவதைக் காட்டுவதற்காக அவர் வைத்த சோதனை அது. பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் கிடைத்தது இல்லை!

உபரி மார்க்கே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். ஜோ பெல்ட்மன் என்ற கல்வியாளர் 2018-ல் மார்க்கு போடும் முறை பற்றி எழுதிய புத்தகத்தில் இதை எதிர்த்திருக்கிறார். வகுப்புக்குக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி வாங்கி வந்தால் மார்க்கு கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. காசு இருக்கும் வீட்டுப் பிள்ளை வாங்கி வரும். இல்லாத பிள்ளை என்ன செய்யும்? எதிர்ப்பில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பெற்றோருக்கு உள்ள உரிமை

அமெரிக்காவில் 1974-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசாங்கத்தின் கல்விப்பணம் பெறும் பள்ளிகளில், பிள்ளையின் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையைப் பெற்றோருக்கு அது கொடுக்கிறது. கேட்ட 45 நாட்களுக்குள் காட்டவேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆனாலோ, கல்லூரியில் சேர்ந்தாலோ அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும்.

"என் மகன் விடைக்கு 6 மார்க்கு போதாது" என்று அந்தச் சட்டத்தைக் காட்டி வாதாட முடியாது. அது ஆசிரியர் முடிவு. ஆனால், "கொடுத்த 6 மார்க்கு தப்பாக ஏறியிருக்கிறது, திருத்துங்கள்" என்று கேட்கலாம்.

அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியில் மார்க்கு பார்ப்பது உண்டு. உபரி மார்க்கு ஏறிய நாளில், பிள்ளையின் சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதாது. மொத்தம் முந்தின நாள் இருந்த 200 ஆகவே இருக்கிறதா, 210 ஆகிவிட்டதா என்றும் பார்க்கவேண்டும்.