ஹக்கலையில் வளர்ந்த காய்ச்சல் மருந்து

நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பாதையில் போனால் ஹக்கல பூங்கா வரும். இன்று நாம் அங்கே பூப் பார்க்கப் போகிறோம். ஆனால் நேயர்களே, 1861 இல் அதைத் தொடங்கியது ஒரு மரத்தின் பட்டைக்காக. தென்னமெரிக்க அந்தீஸ் மலையிலிருந்து வந்த சிங்கோனா மரம் அது. நாக்கில் பட்டால் முகம் சுளிக்க வைக்கும் அந்தக் கசப்புப் பட்டையிலிருந்து, 1820 இல் பிரான்சின் பெல்லத்தியேயும் கவந்துவும் குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாக் கிருமியை இரத்தச் சிவப்பணுவுக்குள்ளேயே கொல்லும் மருந்து!

1869 இல் கோப்பி இலையில் துருநோய் விழுந்தது. தோட்டங்கள் அழிய, துரைமார் பலர் சிங்கோனாவுக்கு மாறினார்கள். மரம் சாகாமல் பட்டை உரிப்பது லேசான வேலையல்ல. நீலகிரியில் கீற்றுக் கீற்றாக உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார்கள்; புதுப்பட்டை வளர்ந்தது. 1880களில் இலங்கைப் பட்டை சந்தையில் குவிந்தது, விலை விழுந்தது, அந்த நிலத்தில் தேயிலை ஏறியது.

இந்தத் தோட்டங்களில் வேலை செய்ய மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் வழியிலேயே காய்ச்சல் கண்டு மாண்டார்கள். பிழைத்து வந்தவர்களின் உழைப்பில்தான் அந்தப் பட்டை கப்பலேறியது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அன்று மரப்பட்டையில் மருந்து கிடைத்தது போல் கிடைக்குமா என்று, இப்போது ஆய்வுகூடங்கள் பழத்தோல்களைச் சோதிக்கின்றன. மங்குஸ்தான் தோலிலுள்ள மங்கோஸ்டின் ஆய்வுகூடத் தட்டில் சில பக்டீரியாக்களை அடக்குகிறது. மனிதரிடம் சோதித்துத் தேறினால்தான் அது மருந்து. அதுவரை காய்ச்சலுக்குத் தோலை அவித்துக் குடித்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், வைத்தியசாலைக்குப் போங்கள்.