வென்ட் குழாய் ஏன் அகலமாக இருக்க வேண்டும்?

தரமணியில் ஓடும் சி.என்.ஜி. ஆட்டோவின் சிலிண்டரில் அழுத்தம் 200 பார்; அதை நிரப்பும் நிலையத்தில் 250 பார் வரை போகும். அங்கே கம்ப்ரசர் சீலில் 1 மி.மீ. துளை விழுந்தால், வாயு அதனுள் ஒலியின் வேகத்தில் பாய்கிறது. நொடிக்குச் சுமார் 30 கிராம். வெளியே விரிந்தால் 45 லிட்டர். சீலைச் சுற்றியுள்ள உறையில் அழுத்தம் ஏறினாலும், உள்ளழுத்தத்தில் ஏறத்தாழ பாதியைத் தொடும்வரை இந்தப் பாய்ச்சல் குறையாது. அந்த வாயுவை உறையிலிருந்து வெளியேற்றும் வென்ட் குழாய் குறுகினால் உறைதான் வெடிக்கும்.

இதே பாய்ச்சலுக்கு, விட்டம் பாதியானால் குழாயின் அழுத்த இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும். 25 மி.மீ. குழாயில் வேகம் நொடிக்கு 90 மீட்டரைத் தாண்டும், 50 மி.மீ. குழாயில் 23 மீட்டர்தான். நீளமும் ஒவ்வொரு வளைவும் இழப்பைக் கூட்டும். மீத்தேன் காற்றைவிட லேசானது. ஆகவே குழாயின் வாய் கூரைக்கு மேலே, தீப்பொறி எட்டாத இடத்தில், வானம் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். மழைநீர் தேங்காமலிருக்க அடியில் வடிகால் வைப்பார்கள்.