ராகலைப் பிள்ளைகள்: சராசரிக்குள் மறையும் போஷாக்குக் குறைபாடு

2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். ராகலை அமைந்துள்ள நுவரெலியா மாவட்டத்தில் இது 32.4 வீதம்.

இத்தகைய அளவீடுகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடக்கின்றன. போஷாக்குக் கண்காணிப்பு தொடர்ச்சியானது. மாதந்தோறும் பிள்ளையை நிறுத்து, வளர்ச்சி வரைபடத்தில் குறிக்க வேண்டும். கோடு தட்டையானால், பிள்ளை மெலிந்து தெரியும் முன்பே எச்சரிக்கை கிடைக்கும். குடும்ப நல உத்தியோகத்தர் திரட்டும் எண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாக மேலே செல்கின்றன.

தோட்டத்தில் நிறுவை நாளன்று தாய் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. பிள்ளை மடுவத்திலேயே நிறுத்தால் இந்தத் தடை நீங்கும்.

2006-07 அளவீட்டில் போரினால் வட மாகாணம் சேர்க்கப்படவில்லை. அங்குள்ள பிள்ளைகள் தேசிய சராசரிக்கு வெளியே விடப்பட்டனர். மலையகப் பிள்ளைகளோ அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகின்றனர். ஆகவே எண்கள் மாவட்ட மட்டத்தில் நில்லாமல், தோட்டம் தோட்டமாக, டிவிசன் டிவிசனாகப் பிரித்துப் பார்க்கப்பட வேண்டும்.

எண்ணோடு உணவும் வர வேண்டும். 2022 நெருக்கடியில் திரிபோஷ தடைப்பட்டபோது தராசுகள் இருந்தன, கொடுக்கத்தான் ஒன்றுமில்லை. நிறுத்துப் பார்ப்பதால் மட்டும் எந்தப் பிள்ளையும் வளர்ந்துவிடாது.