மீன் கழிவும் கரிசல் நிலமும்

மீனை அறுத்தபின் எஞ்சும் தலை, குடல், முள் முதலியவற்றைக் கழிவென்று கொட்டிவிடுவது வழக்கம். அக்கழிவில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு புரதம் உண்டு. விளாத்திகுளம் வட்டத்தில் வேம்பாறு, கீழவைப்பாறு முதலிய கடற்கரை ஊர்களும், பருத்தியும் மிளகாயும் உளுந்தும் விளையும் கரிசல் ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. கரையில் ஈ மொய்க்கும் பொருளே, தழைச்சத்துக் குறைந்த கரிசலுக்கு வேண்டிய பொருளாகும்.

இவ்விஷயம் கூட்டுறவாளருக்குப் புதிதன்று. விவசாய பாங்குகளைப் பற்றி 1895-லும் 1897-லும் அறிக்கை எழுதி, 1904-ம் வருஷத்துச் சட்டத்துக்கு வழிகோலிய ஸர் பிரெடெரிக் நிக்கல்ஸனே, பின்னர் சென்னை மாகாண மீன் துறையையும் நடத்தினார். மேற்குக் கரையில் மத்தி மீனை வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயை வடித்து, சக்கையை எருவாக்கும் தொழிலை அவர் பரப்பினார். 1957-ல் ஏற்பட்ட கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், கழிவிலுள்ள புரதத்தை மீட்கும் முறைகளை ஆராய்ந்து வருகிறது.

புரதம் நீண்ட சங்கிலி போன்றது. மீன் குடலிலுள்ள ஜீரண ரஸம், மீன் செத்தபின்னும் வேலை செய்து அச்சங்கிலியைத் துண்டிக்கும். அச்சிறு துண்டுகளே பெப்டைடுகள். அவையும் பிரிந்தால் அமினோ அமிலங்கள் ஆகும். ஆனால் அழுகற் கிருமிகளும் உடனே புகுந்து சத்தைக் கெடுத்துவிடும். கிருமிகளைத் தடுத்து, ஜீரண ரஸத்தை மட்டும் வேலை வாங்குவதே இம்முறையின் சாரம். அதற்குப் புளிப்பு உதவுகிறது.

அன்றைய கழிவையே எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக்க வேண்டும். 100 கிலோ கழிவுக்கு, நூற்றுக்கு 85 பங்கு வலிவுள்ள பார்மிக் அமிலம் மூன்றரைக் கிலோ சேர்த்து, பிளாஸ்டிக் பீப்பாயில் நன்கு கலந்து, தினமும் கிளறுதல் வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 4-க்கு மேற்போகலாகாது. சில தினங்களில் கழிவு கூழாகிக் கரையும். இவ்வமிலம் தோலைப் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் இன்றி எவரும் தொடலாகாது.

அமிலம் வேண்டாதவர், கழிவுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து மூடி, அவ்வப்போது காற்றுப் போகத் திறந்து, ஒரு மாதம் வரை ஊறவைக்கலாம். வேம்பாற்றுக் கருப்பட்டி கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பினும், விலைபோகும் நல்ல கருப்பட்டியை இதில் இடுவது நஷ்டம். கசிந்ததும் உடைந்ததுமே போதும்.

அமிலக் கூழைத் தவிட்டுடன் கலந்து உலர்த்தினால் கோழித் தீவனத்தில் சேர்க்கலாம். அளவு மிஞ்சினால் முட்டையில் மீன் வாடை வீசும். பயிருக்காயின் வடிகட்டி, தண்ணீர் நிறையச் சேர்த்து, முதலில் இரண்டொரு பாத்தியில் தெளித்துப் பார்த்தல் அவசியம். 100 கிலோ கழிவிலுள்ள தழைச்சத்து சுமார் 2.4 கிலோ, ஏறக்குறைய 500 கிலோ தொழுவுரத்தில் உள்ளது அவ்வளவே. எனினும் மண்ணைப் பொலபொலப்பாக்கும் தொழுவுரத்துக்கு இது ஈடாகாது.

ஒரு குடும்பத்தின் ஒரு கூடைக் கழிவைக்கொண்டு இத்தொழில் நடவாது. மீனவர் சங்கம் கழிவைத் திரட்டி எடைபோட்டுக் கொடுக்க, விவசாயிகள் சங்கம் விலை கொடுத்து ஏற்பின், இரு தரப்பாருக்கும் லாபமுண்டு. முதலில் ஒரு பீப்பாய் வைத்து, கழிவின் விலை, அமிலத்தின் விலை, வண்டிச் சத்தம், கூலி யாவற்றையும் எழுதிப் பார்ப்பது நலம். அக்கணக்கு மகாசபையில் ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே இரண்டாவது பீப்பாய்க்குக் கடன் கேட்க வேண்டும்.