பூஞ்சணம் படிந்த களஞ்சியமும் தேக சுகமும்

மழைக்காலம் தொடங்கியதும் தானிய அறைச் சுவர்களின் அடியோரத்தில் கறுப்பும் பச்சையுமாகப் படரும் பூஞ்சணத்தைக் குடியானவர்கள் பெரும்பாலும் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. ஒரு முறை சுண்ணாம்பு அடித்தால் மறைந்துவிடும் என்பதே பலருடைய எண்ணம். பூஞ்சணம் மறையலாம், அதற்குக் காரணமான ஈரம் மறைவதில்லை. அவ்வீரமே அருகில் அடுக்கப்பட்ட தானியத்தையும் பற்றுகிறது.

1974-ம் வருஷத்தில் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் அடுத்தடுத்துள்ள பான்ஸ்வாடா, பஞ்சமகால் ஜில்லாக்களில் பருவந்தவறிய மழையால் மக்காச்சோளக் கதிர்கள் நனைந்தன. சரிவர உலர்த்தப்படாமல் சேமிக்கப்பட்ட அத்தானியத்தை உண்ட ஏழைக் குடும்பங்களில் காமாலையும், வயிற்றில் நீர் கோத்தலும் கண்டன. நோயுற்ற 397 பேரில் 106 பேர் மாண்டனர். அதே உணவைத் தின்ற நாய்களும் இறந்தன. 2004-ல் கென்யா தேசத்திலும் இவ்வாறே 317 பேர் நோயுற்று, 125 பேர் உயிரிழந்தனர். ஈரமான மக்காச்சோளத்தைத் தாங்கள் வசிக்கும் வீட்டிற்குள்ளேயே வைத்திருந்தவர்களை இந்நோய் அதிகமாகப் பீடித்தது என்று அங்கு விசாரணையில் தெரிந்தது.

அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சணம் உண்டாக்கும் அப்ளாடாக்சின் என்ற விஷமே இதற்குக் காரணம். 1960-ல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்குத் தீனியால் லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததன் பின்னரே இது கண்டறியப்பட்டது. வேகவைத்தாலும் வறுத்தாலும் இவ்விஷம் முற்றிலும் நீங்காது. சிறிது சிறிதாக நெடுநாள் உட்கொண்டால் ஈரலில் புற்றுநோய் உண்டாகும். கடலையை ஆட்டும்போது விஷத்தில் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுவதால், அதைத் தின்னும் கறவைப் பசுவின் பாலிலும் ஓரளவு சேர்கிறது. கெட்ட கடலை மாட்டுக்கு ஆகும் என்று ஒதுக்கிவைப்பது சிக்கனமாகாது.

மூச்சுவழித் தீங்கு வேறு. பூஞ்சணத் தூள் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பை அதிகப்படுத்தும். பூசணம் பிடித்த வைக்கோலை உதறியவர்களுக்குச் சில மணி நேரத்திற்குப் பின் குளிர், ஜுரம், இருமல், மூச்சுத்திணறல் காண்பதுமுண்டு. சாதாரண ஜுரம் என்றெண்ணி மீண்டும் அதே வேலையில் இறங்கினால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடலாம். மூட்டைகள் அடுக்கிய ஈர அறையில் குழந்தைகளைப் படுக்கவைக்கும் வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும்.

சுண்ணாம்பு அடிக்குமுன் ஈரம் வரும் வழியை அடைப்பதே முறை. ஓட்டு ஒழுக்கு, சுவரோரம் தேங்கும் தாழ்வார நீர், காற்றுப் புகாத மூலை ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் தூள் வீடெங்கும் பரவும். மூக்கையும் வாயையும் துணியால் நன்கு மூடிக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து, சுவரை நன்கு உலரவிடவேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் வையாமல் மரச்சட்டங்களின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கவேண்டும். தானியத்தின் ஈரம் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்குக்கு மேற்படலாகாது. நிலக்கடலைக் காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்கும்வரை காயவைத்தல் நலம். நிறம் மாறியதும் சுருங்கியதுமான பருப்புகளைப் பொறுக்கி எடுத்து, கோழிக்கும் இடாமல் ஆழப் புதைத்துவிடவேண்டும்.