பீர் குடித்தால் நாய்க்கு நிதியா? அது என்ன ‘ப்ரூவரி பாஸ்போர்ட்’? காரைக்காலில் இது சரிப்படுமா?

“நாய்களுக்கு உதவணும்னா பீர் குடிங்க!” காரைக்கால்மேட்டு டீக்கடையில் யாராவது இப்படிச் சொன்னால், “காலையிலேயே ஏத்திட்டியா?” என்றுதான் கேட்பார்கள். ஆனால் அமெரிக்காவில் நிஜமாகவே இப்படி நிதி திரட்டுகிறார்கள். பீர் ஆலைகள் ஒன்றுசேர்ந்து ‘பாஸ்போர்ட்’ விற்கின்றன. அதில் வரும் பணம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போய் மனிதர்களுக்கு ஆறுதல் தரும் தெரபி நாய்களின் தொண்டு அமைப்புகளுக்குப் போகிறது.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இதற்குள் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. நம்ம ஊருக்கு ஒத்துவராத ஒரு விஷயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

ப்ரூவரி பாஸ்போர்ட் என்றால் என்ன?

வெளிநாடு போகும் பாஸ்போர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது கையடக்கமான ஒரு சின்னப் புத்தகம். ஒரு ஊரில் அல்லது ஒரு வட்டாரத்தில் உள்ள சிறிய பீர் ஆலைகளுக்குத்தான் ‘ப்ரூவரி’ என்று பெயர். ஒவ்வொரு ஆலைக்கும் இதில் ஒரு பக்கம். நீங்கள் அங்கே போனால் அந்தப் பக்கத்தில் முத்திரை குத்துவார்கள். எல்லாப் பக்கமும் நிரம்பினால் டி-ஷர்ட், கோப்பை என ஏதாவது பரிசு உண்டு.

இந்த மாதிரித் திட்டங்களில் பிரபலமானது, ஒரேகான் மாநிலத்தின் பெண்ட் நகரில் 2010-ல் தொடங்கிய ‘பெண்ட் ஏல் ட்ரெயில்’. அது ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளை இழுப்பதற்காக வந்தது. நிதி திரட்டும் பாஸ்போர்ட்டில் ஒரு மாற்றம் மட்டும்தான்: புத்தகத்தை இலவசமாகத் தராமல் விலைக்கு விற்பார்கள். அந்த விலையின் ஒரு பகுதியோ முழுவதுமோ தொண்டு அமைப்புக்குப் போகும். வாங்கியவருக்கு ஒவ்வொரு ஆலையிலும் ஒரு கோப்பை இலவசம் அல்லது தள்ளுபடி.

இதில் ஆலைக்கு என்ன லாபம்?

ஒரு கோப்பை பீர் தயாரிக்க ஆலைக்கு ஆகும் செலவு, அதன் விற்பனை விலையைவிட மிகக் குறைவு. அந்த ஒரு கோப்பைக்காக வருபவர் தனியாக வருவதில்லை. நண்பர்களோடு வருவார், சாப்பிடுவார், பிடித்திருந்தால் மறுபடியும் வருவார். அதாவது, விளம்பரத்துக்குச் செலவழிக்க வேண்டிய காசை கோப்பையாகக் கொடுக்கிறார்கள்.

தொண்டு அமைப்புக்கு என்ன லாபம்? பாஸ்போர்ட் விற்றவுடனேயே பணம் கைக்கு வந்துவிடும். வாங்கியவர் பத்து ஆலைக்குப் போனாலும், ஒன்றுக்கும் போகாமல் வீட்டிலேயே வைத்திருந்தாலும் தொகை மாறாது. எவ்வளவு குடித்தார்கள் என்பதைப் பொறுத்து வரும் பணம் அல்ல இது. இந்தத் திட்டத்தின் உயிர்நாடியே இதுதான்.

விற்பனையை நம்பிய திட்டத்தில் என்ன சிக்கல் வரும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரையே காட்டுத்தீ அழித்தது. சியரா நெவாடா என்ற பீர் நிறுவனம், நிவாரணத்துக்காக ‘ரெசிலியன்ஸ்’ என்ற பீரின் செய்முறையை எல்லோருக்கும் கொடுத்தது. 1,400-க்கும் மேற்பட்ட ஆலைகள் அதைத் தயாரித்து, விற்ற பணத்தைத் தருவதாக வாக்குக் கொடுத்தன. மனதைத் தொடும் முயற்சிதான். ஆனால் வாக்குக் கொடுத்த எல்லோரிடமிருந்தும் பணம் உடனே வந்துவிடவில்லை. நினைவூட்டிக் கேட்க வேண்டியிருந்தது. ‘வித்துட்டுத் தரேன்’ என்பதற்கும் ‘முதல்லயே தந்துட்டேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

தெரபி நாய் என்ன செய்யும்?

இது மோப்ப நாய் இல்லை. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயும் இல்லை. வழிகாட்டி நாய் ஒரே ஒருவருக்காகப் பயிற்சி பெற்றது. தெரபி நாய், வளர்ப்பவரோடு சேர்ந்து பலரைச் சந்திக்கப் போகும் ஒரு சாந்தமான வளர்ப்பு நாய். குழந்தைகள் வார்டு, முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி என்று போய் பக்கத்தில் உட்காரும். தடவிக் கொடுத்தால் அசையாமல் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் யாரிடமும் பேசாத குழந்தை, நாயின் பெயரைக் கூப்பிடத் தொடங்கும் தருணம் அங்கேதான் வருகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், நியூ கினியா காட்டில் கிடைத்த ஸ்மோக்கி என்ற குட்டி யார்க்‌ஷயர் டெரியர், காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனை வார்டில் சுற்றி வந்தது. உலகின் முதல் தெரபி நாய் என்று பலரும் அதைச் சொல்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியல் நிபுணர் போரிஸ் லெவின்சன், தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது குழந்தைகள் மனம்விட்டுப் பேசியதை எழுதினார். அப்போது சிரித்தவர்களும் உண்டு. 2003-ல் வெளியான ஓடெண்டால், மெயின்ட்யஸ் ஆய்வு, நாயைத் தடவிக் கொடுக்கும்போது மனிதருக்கும் நாய்க்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதாகக் காட்டியது.

ஒன்றை மறக்கக் கூடாது. தெரபி நாய் மருந்துக்கோ மனநல மருத்துவருக்கோ மாற்று இல்லை. சிகிச்சைக்குக் கூடவே வரும் துணை, அவ்வளவே.

நம்ம பக்கம் இது உண்டா?

உண்டு. ஹாங்காங்கில் 1991-ல் ஜில் ராபின்சன் தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டத்தை, சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு நடத்தியது. மும்பையில் அனிமல் ஏஞ்சல்ஸ் அறக்கட்டளை பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறது. பயணிகளின் பதற்றத்தைக் குறைக்க மும்பை விமான நிலையத்திலும் தெரபி நாய்கள் வந்துவிட்டன.

புதுச்சேரிக்கு நாய்க்கதை புதிதல்ல. 2004 சுனாமியின்போது சின்னக்காலாப்பேட்டையில் செல்வகுமார் என்ற நாய், 7 வயது சிறுவனை விடாமல் இழுத்துக் கரையேற்றிய செய்தி உலகம் முழுக்கப் போனது.

காரைக்காலில் இதற்குத் தேவை இருக்கிறதா?

அதே சுனாமி காரைக்கால்மேடு உள்ளிட்ட மீனவ கிராமங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அன்று குழந்தையாக இருந்தவர்கள் இன்று பெற்றோர். கடலுக்குப் போனவர் திரும்பும் வரை கரையில் காத்திருக்கும் பதற்றமும் தீர்ந்தபாடில்லை. 2025 ஜனவரி இறுதியில் இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் மீனவர்கள் காயமடைந்தது நினைவிருக்கும். மனசு கனத்துப்போன வீடுகள் இங்கே குறைவில்லை. நாய் வந்து உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பேச்சைத் தொடங்கிவைக்க அது உதவலாம்.

அப்படியானால் காரைக்காலில் பீர் பாஸ்போர்ட் போடலாமா?

இங்கேதான் இடிக்கிறது. மூன்று காரணங்கள்.

ஒன்று, சட்டம். மது விற்கவும் வழங்கவும் உரிமம் வேண்டும். இங்கே அது 1970-ம் ஆண்டு புதுச்சேரி கலால் சட்டத்தின் கீழ் வருகிறது. மதுவை நேரடியாக டிவியில் விளம்பரம் செய்ய 1994-ம் ஆண்டு கேபிள் டிவி விதிகள் அனுமதிப்பதில்லை. ‘நாய்க்காகக் குடிங்க’ என்ற விளம்பரம் இந்த விதியில் மாட்டும்.

இரண்டு, அடிப்படை வசதி. பாஸ்போர்ட் என்றால் பக்கத்து பக்கத்தில் பத்துப் பதினைந்து சின்ன ஆலைகள் வேண்டும். அப்படிப்பட்ட மைக்ரோ ப்ரூவரிகள் நிறைந்த ஊர் பெங்களூரு. காரைக்காலில் நாம் பார்ப்பது பார்களும் மதுக்கடைகளும்தான்.

மூன்று, இதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். புதுச்சேரியில் 18 போதும். விலையும் குறைவு. நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். டெல்டா மாவட்டங்களில் இருந்து குடிக்கவே இங்கே வருபவர்கள் எத்தனை பேர் என்பது பஸ்ஸில் வரும் எல்லோருக்கும் தெரியும். குடியால் நொந்த வீட்டுக் குழந்தைக்கு ஆறுதல் சொல்ல நாயை அனுப்பிவிட்டு, அந்த நாயின் சாப்பாட்டுச் செலவை மதுக்கடையில் வசூலித்தால் எப்படி? மது எந்த அளவிலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பீரை எடுத்துவிட்டால்?

யோசனை அப்படியே நிற்கிறது! பீர் இருந்த இடத்தில் டீ, பரோட்டா, பேக்கரி பிஸ்கட், மீன் சாப்பாடு வந்தால் போதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எல்லாம் உதாரணத்துக்குத்தான். 15 கடைகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு டீயோ சிற்றுண்டியோ இலவசமாகத் தர ஒப்புக்கொள்கின்றன. பாஸ்போர்ட் விலை 200 ரூபாய். 500 பேர் வாங்கினால் 1 லட்சம். அச்சுச் செலவு புத்தகத்துக்கு 30 ரூபாய் என்றால் 15,000 போகும். மிச்சம் 85,000 ரூபாய். நாய்களின் தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, போக்குவரத்து என்று பார்த்தால் சின்ன ஊருக்கு அது நல்ல தொடக்கம்.

பெரிய நிறுவனங்களின் உதவியையும் கேட்கலாம். 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் சுகாதாரமும் விலங்கு நலனும் இருக்கின்றன.

நாயை உள்ளே விடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

உலகின் ரேபிஸ் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதனால் ‘நாய்’ என்றதுமே வரும் பயம் நியாயமானது. மருத்துவமனை, பள்ளி வளாகங்களில் இருந்து தெருநாய்களை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. தெரபி நாய் தெருநாய் இல்லை. ஆனாலும் கவனம் இரண்டு மடங்கு தேவை.

- ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கையில் இருக்க வேண்டும். குடற்புழு நீக்கமும் செய்திருக்க வேண்டும்.
- குறைந்தது ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். சத்தம், கூட்டம், திடீர் தொடுதலுக்கு மிரளாத நாய்தானா என்று சோதிக்க வேண்டும். நாட்டு நாயாக இருந்தாலும் பரவாயில்லை.
- ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது பெட் பார்ட்னர்ஸ் அமைப்பின் விதி. நாயும் களைத்துப்போகும்.
- ஒவ்வாமை, திறந்த காயம், நோய் எதிர்ப்புசக்திக் குறைவு உள்ளவர்களிடம் கொண்டுபோகக் கூடாது.
- பயப்படுபவர்கள், மதநம்பிக்கை காரணமாக நாயைத் தொட விரும்பாதவர்கள் ஆகியோரிடம் முதலில் கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

உங்களிடம் யாராவது இப்படி ஒரு பாஸ்போர்ட் விற்க வந்தால்?

பீரோ டீயோ, மூன்று கேள்வி கேளுங்கள். 200 ரூபாயில் எத்தனை ரூபாய் தொண்டு அமைப்புக்குப் போகிறது? அது பதிவு செய்த அமைப்பா? கணக்கை எப்போது, எங்கே வெளியிடுவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள். இன்னொன்று, பதிலுக்கு டீயும் பிஸ்கட்டும் கிடைக்கிறது என்றால் அந்தத் தொகை முழுவதையும் நன்கொடை என்று வரிச்சலுகைக்குக் காட்ட முடியாது.

மனஅழுத்தம் தாங்க முடியாமல் இருப்பவர்கள் நாய் வரும் வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.