ஆறு நியான், ஒரு ஏஞ்சல்

முதலில் ஆறு. ஒரு காலை எண்ணியபோது ஐந்து, இரண்டு நாள் கழித்து நான்கு. செத்த மீன் எதுவும் மிதக்கவில்லை, ஃபில்டரிலும் சிக்கவில்லை. கொளத்தூரில் வாங்கிவந்த நியான் டெட்ராக்கள் எங்கே போயின என்று கூழாங்கல்லைக்கூடக் கிளறிப் பார்த்தேன். ஏஞ்சல் மட்டும் அசையாமல் ஒரு மூலையில் நின்றது. வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவே இருந்த மீன், ஆறே மாதத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது.

இரண்டும் அமேசான் படுகை மீன்கள். ஒரே ஊர்க்காரர்கள், ஒத்துப்போவார்கள் என்று நான் போட்டதுதான் தப்புக் கணக்கு. மீனுக்கு வாய்க்குள் நுழைவதெல்லாம் இரை. கடைத் தொட்டியில் எல்லாம் ஒன்றாக நீந்துகின்றனவே என்றால், அங்கே இருப்பவை குஞ்சுகள். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இது எவ்வளவு பெரிசா வளரும்?” விரல் நீளத்தில் விற்கும் ஆஸ்கர் ஓரடி வளரும். ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று நம் தலையில் கட்டப்படும் சக்கரும் அப்படித்தான். அது பாசியைக் கொஞ்சம் மேயும், கழிவை நிறையப் போடும்.

இரண்டாவது, தண்ணீர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்புவரை நிரப்பினாலே சுமார் 56 லிட்டர்தான். மீன் செவுள் வழியே விடும் அம்மோனியா அதற்கே நஞ்சு. ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கண்ணாடி போலத் தெளிந்த புதுத் தண்ணீரில் ஒரே நாளில் பத்து மீன் விட்டுச் சாகடிப்பவர்கள் இதை மறந்தவர்கள்தான்.

சென்னை போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். கப்பி, மாலி, பிளாட்டிக்கு அது கொண்டாட்டம். நியானுக்கு மென்னீர்தான் பிடிக்கும். கோல்டுஃபிஷ் 20 டிகிரி வாக்கில் சுகமாக இருக்கும் மீன், வெப்பமண்டல மீன்களோடு அதைச் சேர்க்காதீர்கள்.

அப்புறம் குணம். டைகர் பார்பை இரண்டு மூன்றாக விட்டால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். எட்டுப் பத்தாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும், ஆனால் அதற்குப் பெரிய தொட்டி வேண்டும். ஃபைட்டர் ஆண் ஒன்றுக்கு மேல் கூடாது. கப்பியின் நீண்ட வாலைக் கண்டாலும் சில ஃபைட்டர்கள் பாயும். கப்பியில் ஆண்களை மட்டும் வாங்குங்கள். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த விந்தை உடலில் சேமித்துவைத்து, ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போடும்!

இப்போது என் தொட்டியில் கங்கைச் சமவெளி ஓடைகளைச் சேர்ந்த ஜீப்ரா டேனியோ ஆறு, ஆண் பிளாட்டி நான்கு. அவ்வளவே. ஜீப்ரா மேல்மட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், பிளாட்டி நடுவில் மேயும். எதன் வாயிலும் எதுவும் நுழையாது.

ஏஞ்சலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் சக்கர் தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள், ஏரியில் விடாதீர்கள். தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் மீனவர் வலையை முள்ளால் கிழித்துக்கொண்டிருப்பது, யாரோ இரக்கப்பட்டு விட்ட அந்தச் சக்கர்தான்.